மேல்மலையில் அலைக்குளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மேல்மலையில், செயற்கை அலைக்குளம் ஒன்றை நடுவில் வைத்து அதைச் சுற்றி அலைச்சறுக்கு (சர்ஃபிங்) விடுதி கட்டும் யோசனை சில மாதங்களாகப் பேசப்பட்டு வருகிறது. ஊருக்குள் கைமாறிக்கொண்டிருக்கும் நான்கு பக்கத் திட்டக்குறிப்பில் வண்ணப்படங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுபவை மூன்று செய்திகள்தாம்: ஒரு ஹெக்டேர் பரப்புள்ள குளம், நூறு அறைகள், 'மழைநீரே போதுமானது' என்னும் ஒரு வரி. தேநீர்க் கடையிலும் கோயில் திண்ணையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். அணைகளிலும் வாய்க்கால்களிலும் நீரளவு எடுக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் குடும்பத்துக்கு மேல்மலையில் இன்றும் பூண்டுத் தோட்டம் உண்டு. எனவே எனக்கு இதில் சார்பு இல்லை என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. கணக்குகளை எல்லாரும் சரிபார்க்கும்படி முழுமையாகக் கொடுத்திருக்கிறேன்.

அலைக்குளம் என்றால் என்ன? பொழுதுபோக்குப் பூங்காக்களில் இருக்கும் அலை நீச்சல் குளம்தானே?

இல்லை. பூங்காவில் உள்ள குளத்தில் தண்ணீர் மேலும் கீழும் ஆடும். அதில் மிதக்கலாமே தவிரப் பலகையின் மேல் நின்று சறுக்க முடியாது. அலைச்சறுக்குக்கு ஓர் ஓரத்தில் தொடங்கி வரிசையாக மடிந்து உடைந்துகொண்டே நகரும் அலை வேண்டும். அத்தகைய அலையை உண்டாக்க இப்போது மூன்று வழிகள் பெரிதும் பயன்படுகின்றன. கலிஃபோர்னியாவின் லெமூரில், உலகச் சாம்பியன் கெல்லி ஸ்லேட்டர் 2015-இல் வெளியுலகுக்குக் காட்டிய குளத்தில், விமான இறக்கையைப் போன்ற பெரிய தகடு ஒன்று தண்டவாளத்தின் மேல் நீருக்குள் இழுக்கப்படுகிறது. அது தள்ளும் நீர் அலையாக எழுகிறது. அலை மிக நீளமானது. ஆனால் ஒவ்வோர் அலைக்குப் பிறகும் நீர் அமைதியடையச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த வேவ்கார்டன் நிறுவனத்தின் முறையில், குளத்தின் நடுவே உள்ள மேடையின் இருபுறமும் வரிசையாகப் பொருத்திய துடுப்புத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைகின்றன. மணிக்கு 1,000 அலைகள் வரை எழுப்பலாம் என்று அந்நிறுவனம் கூறுகிறது. மூன்றாவது முறையில் அறைகளுக்குள் காற்றை அழுத்தி நீரைத் தள்ளுகிறார்கள். டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோ நகரில் இருப்பது அவ்வகை.

நம்முடைய திட்டக்குறிப்பில் எந்த முறை என்று எழுதப்படவில்லை. குளத்தின் வடிவம், ஆழம், மின்தேவை, ஒரே நேரத்தில் இறங்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை ஆகிய எல்லாமே அந்த ஒரு முடிவைப் பொறுத்தவை என்பதால், அதைச் சொல்லாத குறிப்பைத் திட்டம் என்று அழைப்பதே கொஞ்சம் தாராளம்.

கடற்கரை இவ்வளவு நீளமாக இருக்கும்போது மலையில் எதற்கு அலை?

இந்தக் கேள்வியில் உள்ள கிண்டல் புரிகிறது. ஆனாலும் நேர்மையான பதில் ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவ இளைஞர்கள் வளர்த்தெடுத்த அலைச்சறுக்கு இன்று பெரிய விளையாட்டாகியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து இது ஒலிம்பிக் விளையாட்டும் ஆகிவிட்டது. கடலில் ஓர் அலையைப் போல இன்னோர் அலை வராது. குளத்தில் ஒரே அலையை நூறு முறை எழுப்பலாம் என்பதால் பயிற்சிக்கு அது உதவும். நல்ல நீரில் மிதப்புவிசை கடல்நீரைவிட ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு குறைவு என்பதால் பலகை மட்டும் சற்றுப் பருமனாக இருக்க வேண்டும். இவை எல்லாம் அலைக்குளம் ஏன் என்பதற்கான பதில்கள். அது ஏன் மேல்மலையில் என்பதற்கு, குளிர்ச்சியும் காட்சியும் அறை வாடகையும் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆல்ப்ஸ் மலையிலேயே அலைக்குளம் இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் சியோன் நகரில் 2021-இல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றிப் பனிமலைகள் தெரிகின்றன என்பதும் உண்மை. ஆனால் சியோன் நகரம் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடித்தளத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அது மேல்மலைக் கிராமமான மன்னவனூரில் இல்லை. மலை அடிவாரத்தில், பெரிய ஆறு ஓடும் சமவெளியில் இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் டோல்காரோக்கில் 2015-இல் திறக்கப்பட்ட குளமும் மலைகளுக்கு நடுவே இருந்தாலும், பழைய அலுமினிய ஆலை நின்ற ஆற்றோரச் சமதளத்தில்தான் வெட்டப்பட்டது. பக்கத்து நீர்மின் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரால் அது நிரப்பப்பட்டது. இரண்டிலும் மலை பின்னணியில் நிற்கிறது. நாம் பேசிக்கொண்டிருப்பதோ மலையின் தலையில் குளம் வெட்டுவதைப் பற்றி.

குளத்தை நிரப்ப எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்று கொண்டால் 15,000 கன மீட்டர், அதாவது 1.5 கோடி லிட்டர் நீர் வேண்டும். நம் ஊருக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் சொன்னால் 1,250 நடை. கேட்கும்போது மலைப்பாக இருக்கும் இந்த எண்ணைத்தான் எதிர்ப்பவர்கள் துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் இது அவ்வளவு முக்கியமான எண் அன்று. ஒருமுறை நிரப்புவதை ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்துவிடலாம். அந்த மாதங்களில் ஓடைகளில் இதைவிட மிகுதியான நீர் வீணாக இல்லாவிட்டாலும் தாராளமாகவே ஓடுகிறது. முக்கியமானது அடுத்த கேள்வி.

ஒருமுறை நிரப்பிவிட்டால் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்களாமே? பிறகு தண்ணீர் ஏன் தேவைப்படும்?

சுத்திகரிப்பு நீரின் அழுக்கை நீக்கும். ஆவியாகிப் போவதைத் தடுக்காது. சமவெளியோடு ஒப்பிட்டால் மேல்மலையில் ஆவியாதல் குறைவு என்பதால், நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேருக்கு அது 30,000 லிட்டர். அலை உடையும்போது நீர்ப்பரப்பு கிழிந்து துளிகளாகச் சிதறுவதாலும், மேல்மலைக் காற்றாலும் உண்மையான இழப்பு இதைவிடக் கூடுமே தவிரக் குறையாது. வடிகட்டிகளைக் கழுவி வெளியேற்றும் நீரையும் நான் இதில் சேர்க்கவில்லை.

இனி, எல்லாரும் குளத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் மறந்துபோகும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். நூறு அறைகள் என்றால் இருநூறு படுக்கைகள். தங்கும் விடுதிகளுக்கு இந்திய தர நிர்ணயம் சொல்லும் அளவு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர். உயர்தர விடுதிகளுக்கு இன்னும் கூடும். குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும் 36,000 லிட்டர். ஆக, அலைக்குளம் ஆவியாக்குவதைவிட அறைகளின் குளியலறைகள் மிகுதியாகச் செலவழிக்கின்றன. இரண்டையும் கூட்டினால் நாளொன்றுக்கு 66,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு வரையறுக்கப்பட்டது 55 லிட்டர்; அந்த அளவில் இது 1,200 பேருக்கான குடிநீர். மேல்மலையில் ஒரு நடுத்தரமான ஊரே அவ்வளவுதான்.

'மழைநீரே போதுமானது' என்று குறிப்பில் எழுதியிருக்கிறார்களே, அது பொய்யா?

பொய் இல்லை, பாதி உண்மை. ஆண்டுக் கணக்காகப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரியே. கொடைக்கானலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நாளுக்கு 3 மில்லிமீட்டர் வீதம் ஆண்டு முழுவதும் ஆவியானாலும் 1,095 மில்லிமீட்டர்தான். குளத்தின் மேல் விழும் மழையே குளத்தின் இழப்பை ஈடுகட்டி மிச்சமும் வைக்கும். இதை மறுத்துப் பேசுபவர்கள் கூட்டத்தில் தோற்றுப்போவார்கள் என்பதால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

ஆனால் மழை ஆண்டுக் கணக்குப் பார்த்துப் பெய்வதில்லை. கார்த்திகையில் குளம் ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது விழும் மழை வழிந்து ஓடிவிடும். மாசியிலும் பங்குனியிலும் குளம் இறங்கும்போது வானத்தில் ஒன்றும் இருக்காது. பிப்ரவரி முதல் மே வரையிலான 120 நாட்களுக்கு, நாளுக்கு 66,000 லிட்டர் வீதம் 79.2 லட்சம் லிட்டர் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை கொஞ்சம் கைகொடுக்கலாம் என்றாலும், அதை நம்பி யாரும் நூறு அறைகளுக்கு முன்பதிவு வாங்க மாட்டார்கள். எனவே மழைநீரே போதும் என்பது உண்மையாக இருக்க வேண்டுமானால், அலைக்குளத்தைத் தவிர ஏறத்தாழ 80 லட்சம் லிட்டர் கொள்ளும் இன்னொரு குளம் தனியாக வேண்டும். நான்கு மீட்டர் ஆழத்தில் வெட்டினாலும் அது அரை ஏக்கரைப் பிடிக்கும். அதை நிரப்பும் அளவுக்கு மழைக்காலத்தில் 500 மில்லிமீட்டர் மழையைப் பிடிப்பதாக வைத்துக்கொண்டால், கூரையும் தளமுமாக ஏறத்தாழ நான்கு ஏக்கர் பரப்பு வேண்டும். திட்டக்குறிப்பின் வரைபடத்தில் யோகா மேடை இருக்கிறது, நெருப்பு மூட்டிக் குளிர்காயும் வட்டம் இருக்கிறது. இந்த இரண்டாவது குளம் இல்லை.

அப்படியானால் கோடை நான்கு மாதங்களுக்கும் நீர் எங்கிருந்து வரும்? ஓடையில் மோட்டார் வைப்பார்கள், அல்லது ஊற்றுள்ள பட்டா நிலத்தை வாங்குவார்கள், அல்லது டேங்கரில் வாங்குவார்கள். டேங்கர்காரரும் ஏதோ ஓர் ஊற்றிலிருந்துதான் எடுக்கிறார். கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் குழாய் போட்டுப் பாய்ச்சும் நமக்கு, மாசிக்குப் பிறகு ஓடையில் முறை வைத்துப் பகிரும் நிலை இப்போதே வந்துவிட்டது. நம் வட சரிவு ஓடைகள் கீழே அமராவதிக்கும், தென் சரிவு ஓடைகள் வைகைக்கும் போகின்றன. பேரிஜம் ஏரியின் நீர் பெரியகுளத்துக்குக் குடிநீர். ஆகவே இங்கே எடுக்கப்படும் நீருக்குக் கீழே இருப்பவர்களும் கணக்குக் கேட்கலாம்.

கொடைக்கானல் ஏரியே வெள்ளைக்காரர் வெட்டிய செயற்கை ஏரிதானே? அதனால் என்ன கெட்டுப்போயிற்று?

நல்ல கேள்வி, ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறது. 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையின் குறுக்கே அணை கட்டியதால் உருவானதுதான் அந்த நட்சத்திர வடிவ ஏரி. ஆனால் அது ஓடையின் வழியில் உள்ள ஏரி: நீர் வருகிறது, தங்குகிறது, வழிந்து கீழே வெள்ளி அருவியாகவும் விழுகிறது. அடியிலே மண் இருப்பதால் நிலத்துக்குள் இறங்குகிறது. அலைக்குளம் அவ்வாறன்று. சிமென்டாலோ பிளாஸ்டிக் விரிப்பாலோ அடியும் பக்கமும் அடைக்கப்பட்ட பாத்திரம் அது. உள்ளே வந்த நீர் வானத்தின் வழியாகவோ சாக்கடையின் வழியாகவோ மட்டுமே வெளியேறும். ஏரி கட்டியதாலும் எதுவும் கெடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்; அந்தப் பள்ளத்தில் இருந்த சதுப்பு போயிற்று. அதை அளந்து வைத்தவர் யாரும் இல்லை.

குளம் எந்த இடத்தில் வரும்? நிலச்சரிவு ஆபத்து உண்டா?

புல எண் வெளியிடப்படாத நிலையில் இடத்தைப் பற்றிப் பொதுவாகத்தான் பேச முடியும். அலைக்குளத்துக்கு ஒரு விரலளவு ஏற்றத்தாழ்வும் இல்லாத சமதளம் வேண்டும். மேல்மலையில் அத்தகைய சமதளம் இயற்கையாகக் கிடைப்பது பள்ளங்களின் அடியில்தான். அங்கே இருப்பவை சதுப்பும் ஊற்றும், அவற்றை ஒட்டிய நல்ல தோட்டங்களும். சோலைக்காடும் புல்வெளியும் மழையை உறிஞ்சி, மெல்ல மெல்ல விடும் இடங்கள் அவை. பள்ளத்தில் குளம் வெட்டினால் நீர் ஊறும் இடத்தையே மூடுகிறோம்.

பள்ளம் வேண்டாம், சரிவிலேயே வெட்டலாம் என்றால் இன்னொரு கணக்கு வருகிறது. ஐந்தடிக்கு ஓர் அடி ஏறும் மிதமான சரிவில், நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் சமதளம் வேண்டுமென்றால், மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் இருபது மீட்டர் வித்தியாசம். பாதியை வெட்டிப் பாதியை நிரப்பினால் மேற்புறத்தில் பத்து மீட்டர் உயரத்துக்கு மண்சுவர் நிற்கும். அது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். வெட்டி எடுக்கும் மண் 25,000 கன மீட்டர். அந்தத் தளர்ந்த மண்ணைக் கீழ்ப்புறத்தில் நிரப்பி, அதன் மேல் 15,000 டன் எடையுள்ள நீரை நிறுத்துகிறோம். விரிப்பில் ஓர் இடத்தில் கிழிசல் ஏற்பட்டால் நீர் நேராக அந்த நிரப்பிய மண்ணுக்குள்தான் இறங்கும். இது வெறும் பயமுறுத்தல் அன்று: 2016-இல் டெக்சஸின் ஆஸ்டினில் திறக்கப்பட்ட அலைக்குளம், விரிப்பு கிழிந்து கசிந்ததால் திறந்த சில வாரங்களிலேயே மூடப்பட்டுப் பல மாதங்கள் பழுதுபார்க்கப்பட்டது. அது சமவெளியில் இருந்ததால் தண்ணீரும் பணமும் மட்டுமே போயின.

2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 2024 ஜூலை 30-இல் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் என்ன ஆயின என்பதை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். கொடைக்கானல் அடங்கிய நம் பழனி மலைத்தொடரில் 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது சாலைகள் அடைபட்டு நாட்கணக்கில் இருந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் அரை மீட்டர் மழை பெய்தால் குளத்தின் வழிகால் எந்தப் பக்கம் திறக்கும், அந்தப் பக்கம் யாருடைய வீடு இருக்கிறது என்று கேட்பது அநாகரிகம் ஆகாது.

மார்கழிக் குளிரில் யார் தண்ணீரில் இறங்குவார்கள்? நீரைச் சூடாக்குவார்களா?

சூடாக்க முடியாது. 1.5 கோடி லிட்டர் நீரை ஒரே ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 17,400 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும், இரவில் அது மறுபடி இறங்கிவிடும். குளிர்நாடுகளில் எல்லாரும் உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை அணிந்துதான் இறங்குகிறார்கள். புல்லின் மேல் உறைபனி படியும் மன்னவனூர்க் காலையில் அப்படி இறங்க ஆசைப்படுபவர்கள் இருந்தால் அது அவர்கள் விருப்பம்.

மின்சாரம் எவ்வளவு செலவாகும்?

முறையைச் சொல்லாததால் எண்ணைச் சொல்ல முடியாது, விதியைச் சொல்லலாம். அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதற்குரிய ஆற்றல் நான்கு மடங்காகும். விளம்பரத்தில் ஒரு மீட்டர் அலை என்று தொடங்கி, போட்டியாளர்களுக்காக இரண்டு மீட்டர் என்று பிறகு உயர்த்தினால், ஓர் அலைக்கான ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆகவே உச்ச மின்சுமை எத்தனை கிலோவாட் என்பதையும், காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்த நாட்களில் எத்தனை டீசல் ஜெனரேட்டர்கள் ஓடும் என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

மூளையைத் தின்னும் அமீபா இத்தகைய குளங்களில் வருமாமே?

2018-இல் வேக்கோவின் அலைக்குளத்துக்குச் சென்று வந்த ஓர் இளைஞர் நெக்லேரியா ஃபவுலேரி என்னும் அமீபாத் தொற்றால் இறந்தார். 2024-இல் கேரளத்திலும் நீர்நிலைகளில் குளித்த சிறுவர்கள் அமீபாத் தொற்றால் இறந்தது நமக்கு அருகில் நடந்த செய்தி. இந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் பெருகுவது. மூக்கின் வழியாக மூளைக்குச் செல்கிறது, குடிப்பதால் தொற்றுவதில்லை. மேல்மலை நீரின் குளிர்ச்சி இந்த ஓர் ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை வைத்து ஊரைப் பயமுறுத்துவது சரியன்று.

எனக்குக் கவலை அளிப்பது அமீபாவைக் கொல்லப் போடும் குளோரின். வடிகட்டி கழுவிய நீரும், பராமரிப்புக்காகக் குளத்தை இறக்கும்போது வெளிவரும் நீரும் குளோரினோடு ஓடையில் விடப்பட்டால், கீழே மீனும் தவளையும் தாங்காது. இதோடு, அறைகளுக்குள் போகும் 36,000 லிட்டரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியே வரும். அது எங்கே போகிறது என்பதற்கும் குறிப்பில் விடை இல்லை. நம் தோட்டங்களிலிருந்து ஓடைக்குப் போகும் பூச்சிமருந்தைப் பற்றி விடுதிக்காரர் திருப்பிக் கேட்டால் நாமும் பதில் வைத்திருக்க வேண்டும். அவர் கேட்பதில் தவறு இருக்காது.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?

கிடைக்கும். எந்த வேலை என்பதுதான் கேள்வி. அலைச்சறுக்குப் பயிற்றுநர்களும் உயிர்காப்பாளர்களும் நீச்சலிலும் அலையிலும் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதால், அவர்கள் கோவளம் பக்கத்திலிருந்து வருவார்கள். இயந்திரத்தைப் பராமரிப்பவர்கள் அதை விற்ற நிறுவனத்தின் ஆட்களாக இருப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அறை துப்புரவு, சமையற்கட்டு, காவல், தோட்ட வேலை. இவை கேவலமான வேலைகள் அல்ல. மாதச் சம்பளம் என்பது பூண்டு விலையை நம்பிக் கிடக்கும் வீட்டுக்குப் பெரிய ஆறுதல். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் விலை ஏறி இறங்குவது நின்றபாடில்லை. ஆனால் வேலை தருவோம் என்ற சொல்லோடு, எத்தனை பேருக்கு, நேரடியாகவா ஒப்பந்தக்காரர் மூலமாகவா, மழைக்கால மந்தத்தில் சம்பளம் உண்டா என்ற மூன்றும் சேர்ந்து வர வேண்டும்.

காட்டுமாடுகள்?

ஒரு ஹெக்டேர் குளத்தையும் நூறு அறைகளையும் வேலி போட்டு அடைத்தால், இப்போது அவ்வழியே நடக்கும் மாடுகள் அடுத்த வழியாக நடக்கும். அடுத்த வழி பெரும்பாலும் ஒருவரின் உருளைக்கிழங்குத் தோட்டமாக இருக்கும்.

இ-பாஸ் கட்டுப்பாடு இருக்கும்போது இவ்வளவு பேர் எப்படி வருவார்கள்?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. அத்தகைய வரம்பு இருக்கும் வரை விடுதியின் விருந்தினர்களும் அந்த எண்ணிக்கைக்குள்தான் வர வேண்டும். சாலை தாங்காது என்று நீதிமன்றமே வாகனங்களை எண்ணத் தொடங்கிய மலையில் இந்த முதலீடு செய்யப்படுகிறது என்பதை முதலீட்டாளர்கள் கவனித்தார்களா என்று தெரியவில்லை. அது அவர்கள் தலைவலி.

யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? நம் கருத்தைக் கேட்பார்களா?

ஊராட்சியின் கட்டட அனுமதியும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலும் வேண்டும். 1990-இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் கிராமம் இருந்தால் அதன் இசைவும் வேண்டும். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். ஆழ்துளைக் கிணறு தோண்டவும் பொக்லைன் இறக்கவும் மாவட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதிதான் சிக்கலானது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டப்படும் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் மாநில அளவிலான அனுமதி தேவை. நூறு அறைகளை அந்த எல்லைக்குள் அடக்கிக்கொள்வது கடினமன்று. திறந்தவெளிக் குளம் கட்டப்படும் பரப்பில் சேர்கிறதா என்பதை முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுத் திட்டமும் அந்த ஒரு பதிலில் எல்லைக்கு வெளியே நழுவிவிடலாம். அனுமதி தேவைப்பட்டாலும்கூட, கட்டட வகைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. ஆட்சியர் வந்து கூட்டம் போடுவார், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம்.

ஆகவே நமக்கு மிஞ்சுவது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஓடை வற்றிக் கிடக்கும் நேரமும் அதுவே என்பதால் தண்ணீர்க் கணக்கைப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அதற்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் புல எண்களையும் விண்ணப்ப நகல்களையும் கேட்டு வாங்குங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர வேண்டிய கெடு 30 நாட்கள். நிலங்களின் வகையையும் உரிமையையும் காட்டும் அ-பதிவேட்டில் அந்த நிலம் ஓடைப் புறம்போக்கை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள்.

வேறு எங்காவது ஊர் மக்கள் கேட்டு இத்தகைய திட்டம் நின்றிருக்கிறதா?

நின்றிருக்கிறது. கலிஃபோர்னியாவின் பாலைவனப் பகுதியான லா கின்டாவில் அலைக்குள விடுதிக்கான திட்டத்தை நகரமன்றம் 2022 செப்டம்பரில் நிராகரித்தது. வறட்சிக் காலத்தில் விளையாட்டுக்கு இவ்வளவு நீரா என்பதே அங்கே எழுந்த பெரிய கேள்வி. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: மெல்போர்னில் 2020-இல் திறந்த குளத்தைப் போல, பெரிய நகரங்களை ஒட்டி அமைந்த சில குளங்கள் நன்றாக நடக்கின்றன.

நீங்கள் இதை முழுவதுமாக எதிர்க்கிறீர்களா?

கோடைத் தேவைக்கான 80 லட்சம் லிட்டர் குளத்தை முதலில் கட்டி, மழைக்காலத்தில் மட்டும் அதை நிரப்பி, ஒரு முழு ஆண்டு ஓடையில் கைவைக்காமல் நடத்திக் காட்டிய பிறகு அலை இயந்திரத்தை இறக்குவதாக எழுதிக் கொடுத்தால், நான் எதிர்க்க மாட்டேன். இந்த நிபந்தனையைச் சொன்னபோது என் தம்பியே, 'அண்ணே, இது வேண்டாம் என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்வது' என்றான். இருக்கலாம். ஆனால் 'மழைநீரே போதுமானது' என்று எழுதியவர்கள் அவர்கள்.

தொடங்கிவிட்டுப் பாதியில் கைவிட்டால் என்ன ஆகும்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. டோல்காரோக் குளம் இயந்திரக் கோளாறுகளால் அடிக்கடி நின்று, 2023-இல் நிரந்தரமாக மூடப்பட்டது; திறந்து எட்டு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. ஆஸ்டின் குளம் இரண்டே ஆண்டுகளில் கை மாறியது. ஜப்பானின் மியாசாகியில் 1993-இல் திறந்த பிரம்மாண்டமான கூரையிட்ட அலைக்குளம் 2007-இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. பணமும் பொறியியலும் நம்மைவிட மிகுந்த நாடுகளில் நடந்தவை இவை.

மூடப்பட்ட குளம் நம் மலையில் என்னவாக மிஞ்சும் என்பதை எண்ணிப் பாருங்கள். பத்து மீட்டர் மண்சுவர், அதன் கீழே வெயிலில் உரியும் பிளாஸ்டிக் விரிப்பு, வடிகால் அடைபட்ட பள்ளத்தில் தேங்கும் மழைநீர், அதன் சுமையைத் தாங்கும் நிரப்பிய மண். நிறுவனம் கலைந்துபோனால் அதை வடித்து, மண்ணை மீண்டும் சரித்து, புல் பிடிக்க வைக்கும் செலவு ஊராட்சியின் தலையில் விழும். நம் ஊராட்சியின் ஆண்டு வருவாயில் அந்த மண்சுவரின் ஒரு மூலையைக்கூடச் சரிக்க முடியாது. எனவே கட்டுமானத்துக்கு முன்பே மீட்புச் செலவுக்கான முழுத் தொகையை வைப்புத்தொகையாகக் கேளுங்கள். தொகை எவ்வளவு, எந்த வங்கியில், ஆட்சியர் பெயரிலா ஊராட்சி பெயரிலா, குளம் எத்தனை மாதம் ஓடாமல் இருந்தால் அதை எடுக்கலாம் என்ற நான்கையும் கிராம சபைத் தீர்மானத்தின் வாசகத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிய அன்றே அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.